பட்டப்பகலில் சர்க்கரைத் தண்ணீர்

பதற்றம் வந்தால் எனக்கு முதலில் கைதான் வேலை செய்யும். மூளை அடுத்த பஸ்ஸைப் பிடித்து வரும். போன மாதம் பக்கத்து வீட்டுக் குக்கர் கொஞ்சம் நீளமாக விசில் அடித்ததற்கு, நான் எங்கள் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தெருவில் போய் நின்றேன். கையில் ஒரு தலையணை. தலையணை எதற்கு என்று என் மனைவி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். தெரிந்தால் சொல்லமாட்டேனா?

இது பிறவிக் கோளாறு இல்லை. ஒன்பது வயதில், உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், இரண்டு தேனீப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றபோது வந்தது.

அந்தப் பெட்டிகளைப் பிளாக் ஆபீஸிலிருந்து கிராமசேவக் கொண்டுவந்து வைத்தார். என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சர்க்கார் ஆள் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல நைனாவுக்குத் தெரியாது. வாங்கி வைத்துக்கொண்டார். அதன் பிறகு, வீட்டின் பக்கவாட்டில், வைக்கோல் போருக்கும் எலுமிச்சை மரத்துக்கும் நடுவே பெட்டிகள் இருந்த அந்த இடத்துக்கு அவர் போனதே இல்லை. வைக்கோல் பிடுங்கக்கூட ஆள் அனுப்புவார். கிராமசேவக் பெட்டியைத் திறந்து காட்டி விளக்கியபோது, கதவு மறைவில் நின்று முழுவதையும் கேட்டவள் என் அத்தை, நைனாவின் தங்கை. அன்றிலிருந்து தேனீக்கள் அத்தையின் பிள்ளைகள் ஆயின.

அத்தை அப்போது எங்கள் வீட்டில் இருந்ததே ஒரு கௌரவப் பிரச்சனையால்தான். அந்த வருஷம் வைகாசியில் அவளை மாகறலில் கட்டிக் கொடுத்தார்கள். ஆடி மாதத்துக்கு முறைப்படி நைனா போய் அழைத்து வந்தார். ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆனால் மாமாவின் அம்மா, "இட்டுக்கினு போனவங்களே கொண்டாந்து வுடட்டும்" என்று சொல்லிவிட்டதாகச் செய்தி வந்தது. நைனாவோ, "பொண்ணை நாமளே கொண்டு போய் வுட்டா, வேணாம்னு தள்ளிவுட்ட மாதிரி ஆயிடும். அவுங்க வூட்டு ஆள் வரணும்" என்றார். இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் ஆவணி போய், புரட்டாசி போய், தீபாவளியும் போய்விட்டது. மாமா பம்புசெட்டு மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். சுற்றுவட்டாரத்து மோட்டாரையெல்லாம் ஓடவைக்கும் அந்த மனிதர், தன் அம்மாவுக்கு முன்னால் மட்டும் ஸ்டார்ட் ஆகமாட்டார் என்று என் அம்மா சொல்வாள்.

பெரியவர்களின் இந்த வம்பால் உலகத்திலேயே அதிக லாபம் அடைந்தவன் நான். அத்தையைப் போல ஒருத்தி எந்த வீட்டில் இருந்தாள்? விரலை மடக்கி வாயில் வைத்து விசில் அடிப்பாள். ஐந்தாங்கல்லில் கள்ளாட்டம் ஆடுவாள். பிடிபட்டால் என்னையே திட்டுவாள். பொழுது சாயும்போது பெட்டி வாசலில் குந்திக்கொண்டு, திரும்பி வரும் தேனீக்களிடம், "இன்னா இவ்ளோ நேரம்? எங்க சுத்திக்கினு வர்ற? கால தொடச்சிக்கினு உள்ள போ" என்று அதட்டுவாள். அவை கேட்டுக்கொண்டு உள்ளே போவது போலவே இருக்கும். இப்போதும் எங்காவது சர்க்கரை கொதிக்கும் வாசனை வந்தால், முதலில் அந்த அதட்டல்தான் காதில் கேட்கிறது. பிறகுதான் அது யார் வீட்டுக் கல்யாணம் என்று ஞாபகத்துக்கு வருகிறது.

கார்த்திகை மழையில் ஒருநாள், ஒரு பெட்டியிலிருந்த கூட்டம் மொத்தமாகக் கிளம்பிவிட்டது. புகை போல எழுந்து கூரைக்கு மேலே சுழன்றது. அத்தை கத்தினாள்: "தட்டு எடுத்தாடா! அடி! நிறுத்தாம அடி!" நான் சோற்றுத் தட்டைக் கரண்டியால் அடித்தேன். அவள் ஈர மண்ணை வாரி வாரி மேலே வீசினாள். சத்தத்தை இடி என்றும் மண்ணை மழை என்றும் நினைத்துத் தேனீக்கள் பக்கத்து மரத்திலேயே இறங்கிவிடுமாம். இறங்கின. எலுமிச்சைக் கிளையில் பலாக்காய் மாதிரி தொங்கின. அத்தை ராணியைக் கண்டுபிடித்து உள்ளே விட, மற்றதெல்லாம் பின்னாலேயே போய்விட்டது.

"ஏன் அத்தை ஓடப் பாத்துச்சு?"

"பசிடா. மழையில பூ ஏது? பசி தாங்கலன்னா ராணி எல்லாரையும் கூட்டிக்கினு கிளம்பிடும். அப்புறம் திரும்பாது."

அதற்குப் பிறகுதான் ஊட்டத் தொடங்கினோம். பனியும் வெறும் வயலுமாக மார்கழி, தை கழியும். புங்கமும் வேம்பும் பங்குனியில்தான் பூக்கும். அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும். கூப்பன் கடைச் சர்க்கரையைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, கொட்டாங்கச்சியில் ஊற்றுவாள். தேனீ விழுந்து முழுகாமல் இருக்கத் துடைப்பக் குச்சியை ஒடித்து மேலே தெப்பம் போலப் போடுவாள். பெட்டியின் மூடியைத் தூக்கி, உள்ளே சட்டங்களின் மேல் வைத்து மூடிவிடுவாள். சொட்டுக்கூட வெளியே சிந்தாது. எங்களுக்கெல்லாம் வெல்லக் காப்பி. "இந்த வூட்ல ஜென்மம் எடுத்தா ஈயா எடுக்கணும்" என்று அம்மா முணுமுணுப்பாள்.

ஊட்டுவது எப்போதும் பொழுது சாய்ந்த பிறகுதான். அதில் அத்தை கறார். "பகல்ல வெச்சா வாசனைக்கு ஊர்ல கீற திருட்டுத் தேனீ எல்லாம் வந்துடும். வெட்டு குத்து ஆயிடும்டா." வைத்த பிறகும் உடனே உள்ளே போகமாட்டோம். பெட்டிப் பக்கத்திலேயே நிற்போம். தேனீக்கள் எல்லாம் அடங்கி, உள்ளே லேசான ரீங்காரம் மட்டும் கேட்கும். ரோட்டில், காஞ்சிபுரத்திலிருந்து மாகறல் வழியாக வரும் கடைசி பஸ், புளியமரத்து ஸ்டாப்பில் நிற்காமல் உறுமிக்கொண்டு போகும். அது போன பிறகுதான் "சரி, வா, உள்ள போலாம்" என்பாள்.

பசி வந்தால்தான் ஓடும் என்பதை நான் தேனீயோடு நிறுத்தவில்லை. அத்தைக்கும் பசி வராமல் பார்த்துக்கொண்டால் அவள் எங்கும் போகமாட்டாள் அல்லவா? பள்ளிக்கூடத்தில் மதியம் போடும் உப்புமாவில் பாதியை இலையில் சுருட்டி டிராயர் பையில் கொண்டுவருவேன். மாலைக்குள் அது பையின் வடிவத்தையே அடைந்திருக்கும். அத்தை ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. என் கண் எதிரிலேயே மென்று விழுங்குவாள். எப்பேர்ப்பட்ட தியாகம் அது என்பது எனக்குக் கல்யாணமாகி என் மனைவியின் முதல் உப்புமாவைச் சாப்பிட்டபோதுதான் தெரிந்தது.

மாசி மாதம், ஒரு லீவு நாள் காலையில், மாகறலிலிருந்து வைக்கோல் வாங்க வந்த ஒருவர் சேதி சொன்னார். மாமாவின் அம்மாவும், அவளுடைய தம்பி பெரிய மீசைக்காரரும் மத்தியான பஸ்ஸில் வருகிறார்கள், பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக.

"மாப்ள?" என்று கேட்டார் நைனா.

"அவுரு வரல. கரண்டு கம்பி வேலை கீதாம்."

"சரி, ஆள் வந்தா சரி" என்று நைனா சட்டை போட்டுக்கொண்டார். அவர் சட்டை போட்டால் விஷயம் பெரியது என்று அர்த்தம். அம்மா வடைக்கு உளுந்து ஊறப்போட்டாள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் வைத்து ஒரு பித்தளைத் தாம்பாளம் வாசலில் தயாரானது. இத்தனை நாள் ஊட்டிய உப்புமா எல்லாம் வீணா?

அத்தை அடுப்பில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தாள்.

"இன்னாம்மா, சம்மந்தி வர்ற நேரத்துல இத்தப் போய் கொதிக்கவெச்சிக்கினு கீறே?" என்றாள் அம்மா.

"அதுங்களுக்கும் பசிக்குமே அண்ணி."

வெயில் உச்சிக்கு ஏறியபோது என்னைக் கூப்பிட்டாள். விளிம்பு வரை ததும்பும் இரண்டு கொட்டாங்கச்சிகள்.

"இன்னிக்கு நீயே வெய்யி."

எனக்குப் புல்லரித்தது. அதுவரை குச்சி ஒடிப்பது மட்டும்தான் என் வேலை. "சாயங்காலம்தானே அத்தை?"

"இப்பவே வெய்யி. மூடிய தொறக்க வேணாம், பொட்டி மேலயே வெச்சுடு."

"சிந்திடுமே?"

"சிந்தட்டும் போ."

போகிற அவசரத்தில் கடைசியாக ஒருமுறை ஊட்டிவிட்டுப் போகிறாள் என்று நினைத்தேன். கண்ணில் நீர் முட்ட, கொட்டாங்கச்சியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் எப்படி இருக்கும்? பாதி பெட்டி மேல், கால்வாசி பெட்டியின் காலில், மீதி என் டிராயரில்.

முதலில் நாலைந்து தேனீக்கள் வந்தன. முகர்ந்தன. போய்ச் சொல்லிவிட்டன. அப்புறம் வந்தது கூட்டம் இல்லை, ஊர்வலம். இந்தப் பெட்டித் தேனீ அந்தப் பெட்டிக்குப் போனது. புளியமரப் பொந்திலிருந்த காட்டுத் தேனீக்களும் வாசனை பிடித்து வந்து சேர்ந்தன. ஒன்றையொன்று கட்டிப் பிடித்துத் தரையில் உருண்டன. நான் நின்ற இடமே ஒரு பெரிய மோட்டார் போல உறுமியது. இது கொள்ளை என்று புரிந்துகொள்ள வேண்டியது மூளை. அது இன்னும் பஸ் ஏறவில்லை. கைக்குப் புரிந்தது ஒன்றுதான்: தேனீ ஓடுகிறது! ராணி கிளம்பிவிட்டாள்! தேனீயும் போய்விட்டால் அத்தையைப் பிடித்து நிறுத்த இந்த வீட்டில் வேறு என்ன இருக்கிறது?

வாசலுக்கு ஓடினேன். தாம்பாளத்தை எடுத்துக் கவிழ்த்தேன். வெற்றிலை ஒரு பக்கம், வாழைப்பழம் ஒரு பக்கம். கையில் கிடைத்த கல்லால் தாம்பாளத்தை டமடமவென்று அடித்துக்கொண்டே திரும்பி ஓடினேன். காதில் ஒன்று கொட்டியது. உதட்டில் ஒன்று. "இறங்கு! இறங்கு!" என்று கத்திக்கொண்டே மண்ணை வாரி வாரி வீசினேன். முதல் வீச்சு எலுமிச்சை மரத்தில் பட்டது. இரண்டாவது வைக்கோல் போர்ப் பக்கம் போனது. அந்த நேரம் பார்த்து வைக்கோல் போரைச் சுற்றிக்கொண்டு மாமாவின் அம்மா வந்தாள்.

எண்ணெய் வைத்து வழித்து வாரிய தலை. அதில் ஒரு பிடி செம்மண். "வாங்க" என்று சொல்ல நினைத்தேன். கை அதற்குள் அடுத்த பிடியை வீசிவிட்டது. அது, என்ன இது என்று கேட்கத் திறந்திருந்த மீசைக்காரரின் வாய்க்குள் சரியாகப் போய் விழுந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் மேல் மண் வாரித் தூற்றுவது என்றால் என்ன என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாசமாய்ப் போ என்று வயிறெரிந்து விடும் சாபம் அது. அதுவும் தாம்பாளம் தட்டிக்கொண்டு!

"அடப்பாவிங்களா!" என்று அவள் அலறினாள். "மருமவள கூட்டிக்கினு போலாம்னு வந்தா, சின்ன புள்ளய வுட்டு மண்ணு வாரித் தூத்துறீங்களே! வெளங்குவீங்களா?"

மீசைக்காரர், "தூ! தூ!" என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். அதற்குள் தேனீக்கள் அவருடைய மீசையைக் கண்டுபிடித்துவிட்டன. இருவரும் வந்த வழியே ஓடினார்கள். நைனா சட்டைப் பொத்தான் பறக்கப் பின்னாலேயே ஓடினார்.

"சம்மந்தி! நில்லுங்க சம்மந்தி! அது சாபம் இல்ல, தேனீக்குப் போட்டது!"

"தேனீக்கு எவனாவது மண்ணு போடுவானா? யார் காதுல பூ சுத்துற?"

அவர்கள் எதிரில் வந்த மாட்டு வண்டியில் ஏறி மாகறல் போய்ச் சேர்ந்தார்கள். நைனா புளிய விளாரோடு திரும்பினார்.

"எவன்டா பட்டப்பகல்ல வெச்சது?"

என் உதடு அதற்குள் இட்லி அளவுக்கு வீங்கியிருந்ததால் என் தரப்பு வாதத்தை எடுத்துவைக்க முடியவில்லை. அத்தை குறுக்கே வந்து நின்றாள்.

"நாந்தான் வெக்கச் சொன்னேன்."

"நீ சும்மா இரு. புள்ளைய காப்பாத்தறேன்னு பொய் சொல்லாத."

"நெசமாத்தாண்ணா."

நைனா நம்பவில்லை. அம்மா நம்பவில்லை. அவள் சொன்னபடி செய்த நானே நம்பவில்லை. எனக்காக எவ்வளவு துணிந்து பொய் சொல்கிறாள் என்று உருகிப்போனேன். அடி விழவில்லை. சமையல்கட்டில் என் காதுக்குச் சுண்ணாம்பு தடவும்போது அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். ஆடிக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அந்த மீச…" என்று தொடங்குவாள், முடிக்க முடியாமல் மறுபடியும் குலுங்குவாள்.

ஊரில் எனக்கு மதிப்பு கூடியது. ஒரு சம்மந்தியையே மண் தூற்றி விரட்டியவன்! அத்தை நிரந்தரமாக எங்களுக்குத்தான் என்று முடிவுகட்டி, உப்புமாவைக்கூடக் குறைத்துவிட்டேன். அந்த நிம்மதி மாசி முடியும் வரைகூட நிலைக்கவில்லை.

ஒரு சாயங்காலம், அத்தை மூடியைத் தூக்கிக் கொட்டாங்கச்சியை வைக்கப்போகும்போது, கடைசி பஸ் புளியமரத்தடியில் நின்றது. ஓர் ஆள் இறங்கினார். கையில் தினத்தாளில் கட்டிய பொட்டலம். மாமா. அம்மாவும் இல்லை, மீசையும் இல்லை. தனியாக வந்திருந்தார். நேராக வீட்டுக்குள் போகாமல் பெட்டிப் பக்கம் வந்து நின்றார். அத்தை திரும்பவே இல்லை.

"அம்மா, மண்ணு தூத்துனாங்கன்னு சொல்லிச்சு," என்றார் மாமா. "மாமன் மூஞ்சியப் பாத்தேன். தேனீதான்னு புரிஞ்சிக்கினேன்."

"புரிய இவ்ளோ நாளாச்சா?"

மாமா பொட்டலத்தை நீட்டினார். சர்க்கரை. "அதுங்களுக்கு" என்றார்.

அத்தை பொட்டலத்தை வாங்கவில்லை. நிறைந்த கொட்டாங்கச்சியை அவர் இன்னொரு கையில் வைத்து, "புடிங்க, சிந்தாம" என்றாள். கிரீஸ் கறை போகாத அந்தக் கையில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது. கொட்டியது. மாமாவின் முகம் சுருங்கியது. கை அசையவில்லை. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அத்தை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கை, வழக்கம்போல, முந்திக்கொண்டது. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினேன். போன தடவை பலித்தது இல்லையா? ஓங்கினேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"இவுருக்கு வேணாம்டா."

நான் விடவில்லை. அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மண் கீழே உதிர்ந்தது. உள்ளங்கையைத் தன் புடவையிலேயே துடைத்துவிட்டாள். அன்றைக்கு நான் மண் போட்டதற்கு அப்படிச் சிரித்தவள், இன்றைக்கு ஏன் கையைப் பிடிக்கிறாள்? இது எந்த ஊர் நியாயம்?

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய்விட்டார்கள். நான் வைக்கோல் போருக்குள் புதைந்துகொண்டு வெளியே வர மறுத்தேன். அத்தை வெளியிலிருந்தே பேசினாள்: "இனிமே புங்கம்பூ வந்துடும். நீ ஒண்ணும் வெக்க வேணாம். அதுங்களே பாத்துக்கும். கேட்டுக்கினியா?" வைக்கோலுக்குள் கையை விட்டுத் துழாவினாள். அவள் விரல் என் தலைமுடியைத் தொட்டது. நான் இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் வரும்போதெல்லாம் விருந்தாளியாகத்தான் வந்தாள். இடுப்பில் குழந்தை, பையில் பிஸ்கட், திரும்பிப் போகும் பஸ்ஸின் நேரம் நாக்கு நுனியில். இப்போது அவளும் இல்லை. மாமாவும் இல்லை.

பங்குனி பிறந்ததும் புங்கம் பூத்தது. ஊரே வெள்ளையாக உதிர்ந்து கிடந்தது. நான் மட்டும் அம்மாவுக்குத் தெரியாமல், மாமா கொண்டுவந்த சர்க்கரையைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துப் பொழுது சாய்ந்ததும் வைத்துக்கொண்டிருந்தேன். மூடியைத் திறந்து, சிந்தாமல், குச்சி போட்டு, எல்லாம் அவள் வைத்தது போலவே. தேனீக்கள் அதைத் தொடவே இல்லை. வைத்தது வைத்தபடி காலையில் அப்படியே இருக்கும்.

ஆனாலும் வைத்தேன். வைத்துவிட்டு, அவள் நின்ற இடத்திலேயே நின்றேன். பெட்டிக்குள் ரீங்காரம் அடங்கும். ரோட்டில் கடைசி பஸ்ஸின் வெளிச்சம் வரும். புளியமரத்தடியில் நிற்காமல் போகும். அப்புறம்தான் எனக்கு நானே, "சரி, வா, உள்ள போலாம்" என்று சொல்லிக்கொண்டு திரும்புவேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அத்தையிடம் நான் கற்றுக்கொண்டது தேனீக்கு ஊட்டுவதைத்தான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.